பாத பூஜைக்கு ஒரு கால்

2023 ஆகஸ்டு 27, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். விடியும்வரை பெய்த மழை விட்டுத் தூறல் மட்டும் மிச்சமிருந்தது. அலோர் காஜாவில் கோயிலை ஒட்டிய கல்யாண மண்டபத்தின் பின்னறையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என் வலது காலை மாட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு மணி நேரத்தில் என் ஒரே மகளுக்குத் தாலி ஏற வேண்டும்.

அந்தக் கால் முழங்காலுக்கு ஒரு சாண் கீழே தொடங்குகிறது. எனக்கு எஞ்சியிருந்த சொந்தக் காலின் முனைக்கு முதலில் சிலிக்கோன் உறை போட வேண்டும். அதன் அடியில் ஓர் இரும்பு முளை நீட்டிக்கொண்டிருக்கும். மேலே துணி உறைகள். பிறகு அதைப் பொய்க்காலின் குழிக்குள் விட்டு எழுந்து நின்று அழுத்தினால், முளை பல் பல்லாக இறங்கிப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு ‘டிக்’ கேட்கும். சரியாக மாட்டினால் ஏழு. ஒரு வருடமாகத் தினமும் எண்ணியிருக்கிறேன், ஏழுதான். அன்று நான்கோடு நின்றுவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு என் உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கினேன். ஐந்து. அதற்குமேல் இறங்கவில்லை. உள்ளே வீங்கியிருந்தது. ஏன் வீங்கியிருந்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நின்று பட்டுப் புடவையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த என் மனைவிக்குத் தெரியாது.

“என்னங்க, ஆச்சா? குருக்கள் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாரு.”

“ஆச்சு,” என்றேன்.

எண்ணுவது எனக்குத் தொழில். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஐந்தாம் படிவம் வரை படித்து, அதே தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணியாகக் கணக்கெழுதச் சேர்ந்தேன். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை வைத்தபோது ஆட்களைக் குறைத்தார்கள். அதன் பிறகு டவுனில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் சாமான் எண்ணினேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. படி ஏறினால் படியை எண்ணுவேன். ஒரு வீட்டுக்குப் போனால் வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணுவேன். இரவில் தூக்கம் வராவிட்டால், யார் யார் என்னைவிட நன்றாக இருக்கிறார்கள் என்று எண்ணுவேன். அந்தக் கணக்கில் முதலில் வருகிறவன் என் தம்பி.

அவன் எனக்கு மூன்று வயது இளையவன். எங்கள் இருவருக்கும் ஒரே வருடத்தில்தான் இனிப்பு நீர் வியாதியைக் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து அவன் தினமும் காலையில் ஏரிக்கரையில் மூன்று சுற்று நடக்கிறான். நான் நடக்கவில்லை. என் கால்களில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. 2021ல் ஒருநாள் வாசலில் கிடந்த ஆணி செருப்பைத் துளைத்து வலது பாதத்துக்குள் போனது எனக்குத் தெரியவே இல்லை. மூன்றாம் நாள் செருப்பு கழலாமல் இழுத்தபோதுதான் பார்த்தேன். ஐந்து வாரத்தில் கால் போயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என் கட்டைப் பார்த்துவிட்டு அவனைப் பற்றிப் பேசினார்கள். “உங்க தம்பியப் பாருங்க, எப்படி வச்சிருக்காரு உடம்ப!” அவனும் அங்கேயே நின்று சிரிப்பான். “எனக்கும் சீனி பதினாலு வரைக்கும் போச்சுண்ணே. நான் அத நடக்க வச்சே கொன்னுட்டேன்லா.” அவன் பொல்லாதவன் அல்ல. ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்தவன் அவன் ஒருவன்தான்.

பொய்க்கால் அடுத்த வருடம் வந்தது. செய்து கொடுத்த மலாய்க்காரர், நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போடக் கூடாது, தோல் சிவந்தால் உடனே கழற்ற வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டுக்குள் மட்டும் போட்டேன். வெளியே போவது சக்கர நாற்காலியில். மார்க்கெட்டில் பழக்கமானவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்து, பேச்சின் நடுவில் ஒரு தடவை கீழே பார்ப்பார்கள். பார்க்காதவர் ஒருவர்கூட இல்லை.

மகளுக்கு நாள் குறிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது நான் நாற்காலியில்தான் இருந்தேன். மகள் அன்று கோலாலம்பூரில் வேலையில் இருந்தாள். தேதி, மண்டபம், சாப்பாடு எல்லாம் பேசி முடிந்தது. கிளம்புகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. எங்க பக்கத்துப் பெருசுங்க கொஞ்சம் பழைய ஆளுங்க. மணவறையில உக்கார்ற ஜோடி குறை இல்லாம இருக்கணும்னு பாக்கறாங்க. உங்க தம்பியும் அவரு சம்சாரமும் உக்காரட்டுமே. நீங்க முன்னால சோபாவுல ராஜா மாதிரி உக்காந்து பாருங்க.”

அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள். பேசியது என் தம்பி மட்டும்தான். “நான் உக்காந்தா என்ன, அண்ணன் உக்காந்தா என்ன? ஒரே ரத்தந்தானே.”

மனைவியைப் பார்த்தேன். அவள் மேசையில் இருந்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

தோட்டத்தில் நான் வளர்ந்த காலத்தில் ஒருவர் இருந்தார். மர ஆலையில் வேலை செய்து கால் போனவர். எந்த வீட்டில் கல்யாணம் நடந்தாலும் அவர் வருவார், ஆனால் பந்தலுக்குள் வரமாட்டார். பின்னால் பெரிய அண்டாக்கள் வைத்திருக்கும் அடுப்பு மூலையில் ஒரு பலகை போட்டு உட்கார்ந்திருப்பார். இலை அங்கேயே போகும். அங்கே போய் உட்காருங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. அவரே போய் உட்கார்ந்துகொள்வார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்று அந்தச் சோபாவுக்கு நான் தலையாட்டியிருந்தால் என்னையும் யாரும் அனுப்பியதாக இருந்திருக்காது.

“நான் நடந்து வந்து உக்காருவேன்,” என்றேன். “எனக்குக் கால் இருக்கு. போட்டுக்கிட்டா இல்லாதது யாருக்கும் தெரியாது.”

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அப்பச் சரிண்ணே! நீங்க நடந்து வந்துட்டீங்கன்னா யாரு என்ன சொல்லப் போறாங்க?”

இப்படித்தான் என் மகள் கல்யாணத்தில் அப்பாவாக உட்காருவதற்கு நான் அந்தக் காலை ஈடு வைத்தேன்.

எங்கள் ஜனங்களில் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் அது அழைப்பு ஆகாது. கைப்பேசியில் அனுப்பினால் அது அவமானம். பெண்ணைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் வீடு வீடாகப் போய், தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க வேண்டும். அறுபத்தொரு வீடுகள். என் மனைவியின் அக்காள் மகன் காரோட்டினான். ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மணி நேரத்தில் நான்கு வீடு. அப்படிப் போயிருந்தால் பதினாறு நாள் ஆகியிருக்கும். நாங்கள் ஆறு நாளில் முடித்தோம்.

முதல் வீட்டில் கைத்தடியோடு இறங்கினேன். வீட்டுக்காரர் வாசலுக்கே ஓடி வந்துவிட்டார். “அட! நடக்கறீங்களே! கால் போன மாதிரியே தெரியலையே!” அவர் மனைவியைக் கூப்பிட்டு, அவரும் பார்த்து, அவரும் அதையே சொன்னார். எனக்குத் திரும்ப நடந்து காருக்குப் போகும்போது வலி தெரியவில்லை.

அடுத்தடுத்த வீடுகளிலும் அதே வார்த்தைதான். செர்காமில் மீன்பிடிக் கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை வீட்டுக்கு ஏழு படி. கையைப் பிடிக்க வந்தவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஏறினேன். மூன்றாம் நாளிலிருந்து தடியைக் காரிலேயே விட்டேன். மொத்தம் நாற்பத்து மூன்று வீடுகளில் ‘தெரியலையே’ என்றார்கள். சொல்லாத வீட்டிலிருந்து வரும்போது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எங்கே தப்பாகக் காலை வைத்தேன் என்று காரில் யோசித்துக்கொண்டே வருவேன். நான் இல்லாத ஒருவனாகத் தெரிவதற்கு இவ்வளவு பாராட்டு கிடைக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. எழுபத்திரண்டு வயதில் அந்த ஒரு சொல்லுக்குக் குழந்தை மிட்டாய்க்கு ஏங்குவதுபோல் ஏங்கினேன்.

கடைசி நாள் சுங்கை ஊடாங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை செய்யும் ஒரு சொந்தக்காரர் வீடு. லிப்ட் இல்லாத அடுக்குமாடியில் நான்காம் மாடி. அறுபத்து நான்கு படிகள். மேலே போய்ச் சேர்ந்ததும் அவர் என் கையைக் குலுக்கி, “உங்க தம்பியவே தூக்கிச் சாப்ட்டுடுவீங்க போலிருக்கே!” என்றார். அந்த நாளில் அதைவிடச் சந்தோஷமான வார்த்தை எனக்கு வேறு கிடைத்திருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உறையைக் கழற்றினேன். எலும்பு முனையின்மேல் இருபது காசு அளவுக்கு ஒரு கொப்புளம். உடைந்திருந்தது. கல்யாணத்துக்குப் பதினேழு நாள் இருந்தது.

மருந்து வாங்கி அலமாரியில் பழைய சட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். காலையிலும் மாலையிலும் குளியலறையில் கட்டை மாற்றி, மேலே உறையைப் போட்டு, காலை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கழற்றி வைத்தால் மனைவி ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த நாற்காலி தம்பிக்குப் போய்விடும். புண் ஐம்பது காசு ஆயிற்று. பிறகு நாணயத்தை வைத்து அளக்க முடியாமல் போயிற்று. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால், மண்டபத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் என் மகள் வயதுப் பெண், நம்மவர்தான். கட்டைப் பிரித்து ஒரு தடவைதான் பார்த்தார்.

“அங்கிள், இத இனிமே போடாதீங்க. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன், அட்மிட் ஆயிடுங்க.”

“ஞாயித்துக்கிழமை மகளுக்குக் கல்யாணம்மா.”

“அப்ப வீல்சேர்ல போங்க. யாரு என்ன சொல்லப் போறாங்க?”

மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இவ்வளவும் உள்ளே இருந்ததால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து ‘டிக்’ மட்டும் கேட்டது. மண்டபத்து வாசலிலிருந்து மணவறைவரை சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். முப்பத்தெட்டு அடி வைத்து நடந்தேன். இரு பக்கமும் தலைகள் திரும்பின. மாப்பிள்ளை வீட்டுப் பெருசுகள் முதல் வரிசையில் இருந்தார்கள். அவர்களில் ஒரு கிழவர் தன் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார், அவர் என் தம்பியைக் காட்டி ஏதோ சொன்னார், கிழவர் இல்லை இல்லை என்று என்னைக் காட்டினார். இரண்டு கால்காரர்களில் கால் போனவன் எவன் என்று அவர்களுக்குள் வழக்கு. என் வேஷ்டிக்குள் ஏதோ சூடாக இறங்குவது தெரிந்தது.

மணவறை ஓரத்தில் தம்பி கை கொடுத்து ஏற்றிவிட்டான். என் பாதங்களைக் குனிந்து பார்த்து, காதருகே, “அண்ணே, புதுக் கால் உங்களவிடச் சிவப்புலா. இதுக்கே தனியாப் பொண்ணு பாக்கலாம்,” என்றான். நான் சிரித்தேன்.

எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன் பாத பூஜை. பெற்றவர்கள் நாற்காலியில் உட்கார, பிள்ளை தாம்பாளத்தில் அவர்கள் பாதங்களை எடுத்து வைத்து, தண்ணீராலும் பாலாலும் கழுவி, சந்தனம் குங்குமம் இட்டு, பூப் போட்டு விழுந்து கும்பிட வேண்டும். என் மகள் மண்டியிட்டு என் இரண்டு பாதங்களையும் பித்தளைத் தாம்பாளத்தில் தூக்கி வைத்தாள். இடது பாதம் கறுத்து, வெடித்து, சுண்டுவிரல் நகம் இல்லாமல் இருந்தது. வலது பாதம் வெளுத்த ரப்பர். ஐந்து நகங்களும் அச்சில் வார்த்தவை.

“வலது பாதத்துக்கு முதல்ல,” என்றார் குருக்கள்.

அவள் சொம்பிலிருந்து பாலை ஊற்றினாள். ரப்பரின்மேல் பால் நிற்காமல் வழிந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சந்தனத்தை வைத்தாள், வழுக்கிக்கொண்டு தாம்பாளத்தில் விழுந்தது. மறுபடியும் எடுத்து வைத்தாள், மறுபடியும் வழுக்கிற்று. மூன்றாம் தடவை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே அதன்மேல் குங்குமம் வைத்தாள். படம் பிடிப்பவர், “அப்படியேம்மா, அப்படியே. தலைய இன்னும் கொஞ்சம் கீழ,” என்றார். என் மகள் தலையைக் குனிந்து, அவள் நெற்றியை அந்த ரப்பர் பாதத்தின்மேல் வைத்தாள்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. அவள் முதல் தடவை கட்டிக்கொண்டது எந்தக் கால், பள்ளிக்கூட வாசலில் விடமாட்டேன் என்று இழுத்தது எந்தக் கால் என்று எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் காலை ஆஸ்பத்திரியில் எரித்து ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் இப்போது கும்பிட்டது எங்கோ ஒரு தொழிற்சாலையில் பெட்டியில் அடுக்கி எண்ணி அனுப்பிய சாமான். அதற்குக் கும்பிடு போய்க்கொண்டிருந்தது, நான் மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எந்திரிம்மா,” என்றேன்.

வேஷ்டியை முழங்காலுக்கு மேல் ஒதுக்கினேன். பூட்டை விடுவிக்கும் பொத்தான் உள்பக்கம் இருக்கிறது. அதை அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தேன். கால் கையோடு வந்தது. அதைப் பக்கத்தில் கிடத்தினேன். துணி உறை அடியில் மஞ்சளும் சிவப்புமாக நனைந்திருந்தது. வாடை முதலில் எனக்கே எட்டியது, பிறகு என் மனைவிக்கு, பிறகு குருக்களுக்கு. மேளக்காரர் தவிலிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

பின் வரிசைகளில் எழுந்து நின்றார்கள். கைப்பேசிகள் உயர்ந்தன. “ஐயையோ, மணவறையில ரத்தம்!” என்றது மாப்பிள்ளையின் அம்மா குரல். “யாராச்சும் அவரக் கூட்டிட்டுப் போங்களேன்!”

மகள் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எப்பலேர்ந்துப்பா?”

“பதினேழு நாளா.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

தம்பி மேலே ஏறி வந்து என் தோளைப் பிடித்தான். “அண்ணே, நீங்க எறங்குங்க. கார் எடுக்கச் சொல்றேன். நான் உக்காந்துக்கறேன், நேரம் போவுது.”

“நீ அவளுக்குச் சித்தப்பன்,” என்றேன். “நான் இங்கதான் இருப்பேன். எனக்கு ஒரு கால்தான். ஒரு காலைக் கழுவட்டும்.”

பெரிதாகச் சொல்லவில்லை. ஒலிவாங்கி குருக்கள் கழுத்தில் இருந்ததால் மண்டபம் முழுவதும் கேட்டுவிட்டது. குருக்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மஞ்சள் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி எங்களைச் சுற்றித் தெளித்தார். “நேரம் இருக்கு. இடது பாதம்மா,” என்றார்.

மகள் பாலை ஊற்றினாள். என் இடது பாதத்திலும் உணர்ச்சி அதிகம் கிடையாது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஓர் இடத்தில் மட்டும் ஜில்லென்று பட்டது. சந்தனம் ஒரே தடவையில் ஒட்டிக்கொண்டது. அவள் அழுததில் மை கரைந்து தாம்பாளத்துப் பாலில் சொட்டியது. அலங்காரம் செய்த பெண் டிஷ்யூவோடு ஓடி வந்து, பக்கத்தில் வரத் தயங்கி நின்றாள். என் மனைவி என் தோளிலிருந்த துண்டை உருவி, உறையோடு சேர்த்துப் புண்ணைச் சுற்றிக் கட்டினாள். மறைக்கக் கட்டுகிறாளா, ரத்தத்தை நிறுத்தக் கட்டுகிறாளா என்று நான் கேட்கவில்லை. முடிச்சுப் போடும்போது, “பாவி மனுஷா,” என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

பூஜை முடிந்ததும் படம் பிடிப்பவர் குனிந்து வந்தார். “அங்கிள், காலைப் போட்டுக்கிட்டு இன்னும் ஒரே ஒரு தடவ எடுத்துக்கலாமா? ஆல்பத்துக்கு அந்தப் படம் முக்கியம்லா.”

“எடுத்தது எடுத்ததாவே இருக்கட்டும்,” என்றேன்.

தாலி நல்ல நேரத்துக்குள் ஏறியது. நானூற்று ஐம்பது இலைக்குச் சொல்லியிருந்தேன், இருநூற்று எழுபதுதான் விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் பலர் சாப்பிடாமல் போனார்கள். நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது பொய்க்காலைக் காணோம். தேடிப் போன என் மனைவியின் அக்காள் மகன், சமையல்கட்டில் அண்டாக்களுக்குப் பின்னால் அரிசிச் சாக்கோடு அது கிடந்ததாகச் சொல்லிக் கொண்டுவந்தான். கட்டைவிரலில் குங்குமம் அப்படியே இருந்தது. அங்கே கொண்டுபோய் வைத்தது யார் என்று விசாரித்தேன். யாரும் வைக்கவில்லை என்றார்கள்.

ஒன்பது நாள் கழித்து முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். அறுவைக்கு முன் கையெழுத்து வாங்க வந்த டாக்டரிடம் கேட்டேன். கொப்புளம் உடைந்த அன்றே வந்திருந்தால்? முழங்கால் தப்பியிருக்கும் என்றார். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் வந்திருந்தால்? அநேகமாக, என்றார். கல்யாணத்தன்று கழற்றியது? அதனால் கூடுதலாக ஒன்றும் நன்மை இல்லை, கெடுதலும் இல்லை என்றார். நர்ஸ் மிசி என் கையில் பேனாவைக் கொடுத்தார்.

அதை நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். மணவறையில் கழற்றியது எதையும் காப்பாற்றவில்லை. அது தாமதமாகச் செய்தது. மகளுக்கு அது நன்மையும் செய்யவில்லை. மறுவீட்டு விருந்துக்கு மாப்பிள்ளையின் அம்மா வரவில்லை. இன்றுவரை எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும், கார் மோதினாலும், மணவறை ரத்தம் பேச்சில் வந்துவிடுமாம். முதல் வருடம் மகள் இதையெல்லாம் போனில் சொன்னாள். இப்போது சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை கூப்பிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டு வைத்துவிடுகிறாள். தம்பி வருகிறான், ஆனால் ஏரிக்கரையைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றுகிறது.

ஆனாலும் இன்னொரு காலுக்கு அளவெடுக்க நான் போகவில்லை. தொடையோடு சேர்ந்த புதுவகைக் கால் இருக்கிறதாம், நன்றாக நடக்கலாமாம், போன மாதம்கூட ஒருவர் வந்து கைப்பேசியில் காட்டிவிட்டுப் போனார். “போட்டீங்கன்னா தெரியவே தெரியாதுண்ணே,” என்றார். தெரியட்டும் என்றேன். என் கால்சட்டைகள் எல்லாவற்றிலும் வலது பக்கத்தை வெட்டித் தைத்துத் தரச் சொல்லித் தையற்காரரிடம் கொடுத்தேன். மடித்து ஊசி குத்தும் வேலை எனக்கு வேண்டாம். பதினொரு கால்சட்டை. அவர் முதலில், “அப்புறம் போட முடியாதே?” என்றார். “எப்ப?” என்று கேட்டேன். அவர் நாடாவை எடுத்து அளந்தார். மார்க்கெட்டில் இப்போதும் எல்லோரும் கீழே பார்க்கிறார்கள். பார்த்து முடிக்கும்வரை நான் காத்திருக்கிறேன், பிறகு மீன் விலை பேசுகிறோம். யாரும் என்னைப் பாராட்டுவதில்லை. அது இல்லாமல் இருக்கப் பழக எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று.

மகள் ஒற்றைப் பாதத்தைக் கழுவும் படம் ஆல்பத்தில் இல்லை. படம் பிடித்தவரிடம் கேட்டு வாங்கிப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டினேன். விருந்தாளி வந்தால் மனைவி கழற்றி உள்ளே வைப்பாள். அவர்கள் போனதும் நான் மாட்டுவேன். இப்படிப் பதினான்கு தடவை நடந்தது. இப்போது அவள் கழற்றுவதில்லை. அலுத்துவிட்டதா, வேறெதுவுமா என்று தெரியவில்லை. படத்தில் என் முழங்காலுக்குக் கீழே கட்டிய துண்டும், பக்கத்தில் கிடக்கும் பொய்க்காலின் பாதி விரல்களும் விழுந்திருக்கின்றன. அவள் முகம் தெரியாது, தலை உச்சியும் பூவும்தான். அது போதும்.

நேற்று உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். பொய்க்கால் ஆறாயிரத்து இருநூறு ரிங்கிட். உறைகளும் மருந்தும் நானூற்று எண்பது. ஆஸ்பத்திரி இருநூற்றுப் பன்னிரண்டு. சக்கர நாற்காலி பழையது உடைந்து புதிது வாங்கியது அறுநூற்றைம்பது. வாசலுக்குச் சாய்தளமும் குளியலறைக் கைப்பிடியும் ஆயிரத்துத் தொள்ளாயிரம். மணவறை ரத்தத்துக்குச் சம்பந்தி வீட்டார் கேட்ட பரிகாரப் பூஜை ஆயிரத்தொன்று. படமும் சட்டமும் எண்பத்தைந்து.

ஒரு முழங்கால், பத்தாயிரத்து ஐந்நூற்று இருபத்தெட்டு வெள்ளி.